ஹொரமாவு பகுதியில் ஒரு சிற்றேரியைப் புதுப்பிக்கப் போகிறோம்: சுற்றிலும் வேலி போடுவது சரியா?

கேள்வி: ஹொரமாவு வாசி

அனைவருக்கும் வணக்கம். பெங்களூருவின் வடகிழக்கில் உள்ள ஹொரமாவு பகுதியில் பதினாறு ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பின்சுவரை ஒட்டி, பத்து ஏக்கர் அளவில் ஒரு சிற்றேரி இருக்கிறது. நாங்கள் குடிவந்த புதிதில் கூழைக்கடா வந்து இறங்குவதைப் பால்கனியிலிருந்தே பார்த்திருக்கிறேன். இப்போது பாதி ஏரியை வெங்காயத்தாமரை மூடிக் கிடக்கிறது. மீதிப் பாதியில் மழைக்காலம் தவிர மற்ற நாள்களில் சாக்கடை நாற்றம்தான்.

சுற்றுவட்டாரக் குடியிருப்போர் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து, ஏரிக்குப் பொறுப்பான அலுவலகத்தின் அனுமதியுடன் இதைப் புதுப்பிக்க முன்வந்துள்ளன. நிதியுதவிக்கும் ஓர் ஏற்பாடு கூடி வந்திருக்கிறது. வரைபடம் தயாராகிவிட்டது. அதன்படி ஏரியை ஒரே ஆழத்திற்குத் தூர்வாரி, நான்கு பக்கமும் கல் பதித்து, கரையில் நடைபாதை அமைத்து, எட்டடி உயரக் கம்பிவேலி போட்டு, காலையிலும் மாலையிலும் குறித்த நேரத்தில் மட்டும் வாயிலைத் திறப்பார்கள். கழிவுநீர் கலக்கும் ஓடையை ஏரிக்குள் வரவிடாமல் திருப்பிவிடுவார்கள். கூட்டத்தில் பெரும்பாலோர் கைதூக்கிவிட்டார்கள். நான் தூக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது தெளிவாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

என் தயக்கத்திற்குக் காரணம் ஓர் அம்மா. அறுபது வயதைத் தாண்டியவர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இளவயதில் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். இரண்டு மாடுகள் வைத்திருக்கிறார். நாள்தோறும் விடியற்காலையில் ஏரிக்கரையில் புல் அறுத்து, ஈரச் சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு போவார். சென்ற மாதம் ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு நடக்கப் போயிருந்தபோது என்னைக் கைகாட்டி அழைத்து, ஓடை ஏரியில் சேரும் இடத்தைக் காட்டினார். தண்ணீர் சாம்பல் நிறத்தில் திரித்திரியாக வந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளிக் கெண்டைகள் வாயை மேலே தூக்கிக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தன. "ராத்திரி ரெண்டு மணிக்கு லாரி வந்து கொட்டிட்டுப் போறான்யா. நேத்தும் வந்தான். முந்தாநாளும் வந்தான். உங்க வாட்ச்மேனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றார். எங்கள் சங்கத்தில் முந்நூறு பேர் இருக்கிறோம், ஒருவருக்கும் இது தெரியாது.

வேலி போட்டால் முதலில் வெளியே நிற்கப் போவது இந்த அம்மாதான். அவரைப் போலப் புல் அறுப்பவர்கள் இன்னும் நாலைந்து குடும்பங்கள், வீச்சுவலை போடும் இரண்டு பேர், கரையோரத்தில் பொன்னாங்கண்ணி பறிக்கும் பெண்கள் சிலர் உண்டு. ஏரி நீண்ட காலம் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் எல்லோருடைய விருப்பமும். அதற்கு மனிதர்களை வெளியேற்றுவது வழியா, உள்ளே வைத்துக்கொள்வது வழியா? ஓடையை முழுவதுமாகத் திருப்பிவிடுவது சரிதானா? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால், அடுத்த கூட்டத்தில் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: பாசனப் பொறியாளர் (பணி ஓய்வு)

ஐயா, வணக்கம். தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏரிப் பாசனத்தில் பணியாற்றி ஓய்வுபெற்று, இப்போது மகன் வீட்டில் பெங்களூருவில் இருக்கிறேன். வேலியைப் பிறகு பார்ப்போம். உங்கள் வரைபடத்தில் அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது: அந்த ஏரிக்கு இனி நீர் எங்கிருந்து வரும் என்பதை அது சொல்லவில்லை.

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டுமுதுகின்மேல் உட்கார்ந்திருக்கும் ஊர். பேராறு எதுவும் ஊருக்குள் ஓடவில்லை. ஆகவே முன்னோர் ஒவ்வொரு பள்ளத்திலும் கரை எழுப்பி, ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி சங்கிலி கோத்தார்கள். நம் ஊரில் நாம் மதகு, கலங்கு (நிரம்பிய நீர் வழிந்தோடும் இடம்), வரத்துக்கால் என்று சொல்வதையே இங்கே தூபு, கோடி, காலுவே என்பார்கள். தூபு என்பது நம்முடைய தூம்புதான். உங்கள் சிற்றேரியின் நீர் கல்கெரே, ராம்புரா ஏரிகள் வழியாக எலெமல்லப்ப செட்டி ஏரியை அடைந்து, தட்சிண பினாகினி ஆற்றில் சேரும். அந்த ஆறே ஓசூருக்கு வரும்போது நமக்குத் தென்பெண்ணை.

முன்பு ஏரிக்கு நீர் கொடுத்தவை சுற்றியிருந்த வயலும் மேய்ச்சல் நிலமும். மழைநீர் மண்ணில் ஊறி, மெல்லக் கசிந்து, மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தது. இன்று அந்த நிலமெல்லாம் கூரையும் தாரும் சிமெண்டும் ஆகிவிட்டது. மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் வெள்ளமாக வந்து ஓடிவிடுகிறது. மழை நின்றால் ஒன்றும் இல்லை. ஆண்டு முழுவதும் ஓடையில் வருவது வீடுகளின் கழிவுநீர் மட்டுமே. அதை அடியோடு திருப்பிவிட்டால் மார்ச் மாதத்தில் உங்கள் ஏரி விளையாட்டு மைதானம் ஆகிவிடும். பிறகு அதை மைதானமாகவே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். இந்த நகரத்தில் அப்படி நடந்திருக்கிறது.

ஒரு சிறு கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து ஏக்கர் என்றால் ஏறத்தாழ 40,000 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், தினமும் 2 லட்சம் லிட்டர் போகிறது. உங்கள் குடியிருப்பில் 240 வீடுகள், வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு 135 லிட்டர் என்று கொண்டால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,30,000 லிட்டர் செலவாகும். அதில் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்றுக் கூடுதலாக, கழிவுநீராக வெளியேறும். கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் எடுத்தது போக மீதியைச் சரியாகச் சுத்திகரித்துக் கொடுத்தால், உங்களைப் போன்ற நான்கு குடியிருப்புகள் சேர்ந்து அந்த ஏரியைக் கோடையிலும் வற்றாமல் காப்பாற்ற முடியும். எஸ்.டி.பி. எனப்படும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உங்கள் கட்டடத்தில் நிச்சயம் இருக்கும். அது முறையாக ஓடுகிறதா, அல்லது மின்கட்டணத்தை மிச்சம் பிடிக்க இரவில் நிறுத்தி வைக்கப்படுகிறதா என்பதை நீங்களே ஒரு முறை இறங்கிப் பாருங்கள்.

இது கற்பனை யோசனை அல்ல. பெங்களூருவின் வடக்கே உள்ள ஜக்கூர் ஏரிக்கு மேலே கழிவுநீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இருக்கிறது. அதிலிருந்து வரும் நீர் நேராக ஏரிக்குள் போவதில்லை. சம்பும் கோரையும் வளர்ந்த சதுப்பு நிலத்தின் வழியாக ஊர்ந்து போகிறது. சுத்திகரிப்பு நிலையம் அழுக்கை எடுத்துவிட்டாலும் தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) நீரில் தங்கிவிடும். அவைதான் வெங்காயத்தாமரைக்கு எரு. அந்தச் சத்துக்களைச் சதுப்புச் செடிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. ஆகவே ஓடை நுழையும் மூலையில் ஒரு வண்டல் பொறிக்குழியும், அதையடுத்து இடுப்பளவுக்கு மேல் ஆழமில்லாத ஒரு சதுப்புப் பகுதியும் விடுங்கள். அங்கே சம்பு தானாகவே வரும். கல்வாழையை நட்டுவிடலாம்.

இப்போது நீங்கள் குறிப்பிட்ட அம்மாவிடம் வருகிறேன். சதுப்புச் செடி சத்தை உறிஞ்சுவதோடு வேலை முடிந்துவிடாது. அதை அறுத்து வெளியே எடுக்காவிட்டால் அங்கேயே சாய்ந்து அழுகி, உறிஞ்சிய அனைத்தையும் நீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். எனவே ஆண்டுக்குப் பல முறை யாராவது அரிவாளோடு இறங்கியாக வேண்டும். இயந்திரம் வைத்தும் செய்யலாம். செலவு அதிகம், பறவைக் கூடுகளும் போய்விடும். உங்கள் வரைபடம் வெளியே நிறுத்தப் பார்க்கும் அந்த ஐந்து குடும்பங்கள் இந்த வேலையைக் கைவரப் பெற்றவர்கள். ஏரியின் சுத்திகரிப்பு அமைப்பில் அவர்களும் ஓர் உறுப்பு என்றே எழுதிக் கூட்டத்தில் வையுங்கள்.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். கழிவுநீர் நேராகப் படும் இடத்தில் வளரும் புல்லிலும் கீரையிலும் ஈயம், காட்மியம் போன்ற கன உலோகங்கள் சேரும். மாட்டின் வழியாக அவை பாலுக்கும் வரும். சதுப்பில் அறுப்பதை மட்கவிட்டுப் பூந்தோட்டத்துக்குப் போடட்டும். கரையின் வெளிச்சரிவில் நல்ல தீவனப்புல்லை நீங்களே வளர்த்துக் கொடுங்கள். பொன்னாங்கண்ணியை நீர் தெளியும்வரை யாரும் பறிக்காமல் இருப்பதே நல்லது. இதை அவர்களிடம் உட்கார்ந்து பேசித்தான் சொல்ல வேண்டும். பலகையில் எழுதி மாட்டினால் பயன் இல்லை.

தூர்வாருவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரே ஆழத்திற்கு வெட்டி, நான்கு பக்கமும் செங்குத்தாகக் கல் பதித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பெரிய தொட்டி. கொக்கும் நாரையும் கால் ஊன்ற முழங்கால் அளவு நீர் வேண்டும். தாழைக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் கூடு கட்டக் கோரை வேண்டும். கல் பதிப்பு மதகை ஒட்டியும் அலை மோதும் கரைப்பகுதியிலும் போதும். மற்ற இடங்களில் மண் சரிவாகவே இருக்கட்டும். வெட்டும் வண்டலை லாரிக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஆய்வகத்தில் சோதித்து, உலோகம் இல்லை என்று தெரிந்தால் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கொடுக்கலாம். நம் ஊர்களில் கோடையில் மாட்டுவண்டி கட்டி ஏரி வண்டல் ஏற்றியது உங்களுக்கும் நினைவிருக்கும்.


மறுமொழி 2: அல்சூர்ப் பெண்

வேலியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது அல்சூரில். எங்கள் ஏரிக்கு வேலி உண்டு, வாயில் உண்டு, காவலாளி உண்டு. ஆயினும் 2016 மார்ச்சில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து வெள்ளை வெளேரென்று மிதந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தோம். நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்துபோனதே காரணம் என்றார்கள். சாக்கடை வேலியைத் தாண்டிக் குதித்து வருவதில்லை, அடியில் வருகிறது.

என் பாட்டி வழியில் நாங்கள் திகளர். தமிழ் வேர் உள்ள தோட்டக்காரச் சமூகம். லால்பாக் தோட்டத்தில் எங்கள் முன்னோர் பலர் வேலை செய்திருக்கிறார்கள். சம்பங்கி ஏரி நீரில் கீரையும் காய்கறியும் பயிரிட்டதைப் பாட்டி தன் பெரியவர்களிடம் கேட்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். இன்று அந்த ஏரி இருந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் இருக்கிறது. மூலையில் ஒரு சிறு குளத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். ஏன் விட்டார்கள் தெரியுமா? சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி வரும் கரகத் திருவிழாவின் சடங்குக்கு அந்த நீர் வேண்டும். தர்மாம்புதி ஏரி மெஜஸ்டிக் பேருந்து நிலையம் ஆனது. கோரமங்கலா ஏரி 1997 தேசிய விளையாட்டுப் போட்டிக்கான குடியிருப்பாயிற்று. சம்பங்கியில் அந்த ஒரு மூலை மிஞ்சியதற்குக் காரணம், ஆண்டுக்கு ஒரு நாளாவது அங்கே வந்து நிற்கும் மக்கள் இருந்ததுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் ஏரிக்கு ஆண்டில் ஒரு நாள் அல்ல, நாள்தோறும் வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை இழந்துவிடாதீர்கள்.


மறுமொழி 3: சர்ஜாபூர் சாலை

முந்தைய இரு மறுமொழிகளையும் மதிக்கிறேன். ஆனாலும் வேலியே வேண்டாம் என்ற முடிவுக்கு அவசரப்பட்டு வந்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்து ஏரி ஒன்றில் எல்லைக்கல் இல்லாத காரணத்தால், ஒவ்வொரு கோடையிலும் கட்டட இடிபாடுகளைக் கொட்டிக் கொட்டி இரண்டு ஏக்கர் வரை கரைந்துபோனதைக் கண்ணால் பார்த்தவன் நான். முதலில் மண் மேடு, பிறகு தகரக் கொட்டகை, பிறகு பட்டா என்று ஒருவர் வந்து நிற்பார். ஆகவே வேறு எந்த வேலைக்கும் முன்பாக நில அளவைத் துறையைக் கொண்டு அளந்து எல்லைக்கல் நட்டுவிடுங்கள். ஏரிகளை இணைக்கும் பெரிய கால்வாயான ராஜகாலுவேயின் இரு பக்கங்களையும் சேர்த்தே அளக்கச் சொல்லுங்கள். ஏரி தப்பித்து, வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பில் போன இடங்கள்தாம் அதிகம்.

பின்னர், கைகொண்டரஹள்ளி ஏரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று வாருங்கள். அக்கம்பக்கத்து மக்களும் மாநகராட்சியும் சேர்ந்து மீட்ட ஏரி அது. அங்கே வேலியும் இருக்கிறது, புல் அறுப்போர்க்கு வழியும் விடப்பட்டிருக்கிறது. பிள்ளையார் கரைப்பதற்கு ஏரியிலிருந்து பிரித்துத் தனியாக ஒரு கல்யாணி, அதாவது சிறு குளம், வைப்பதையும் இந்த ஊரில் பல ஏரிகளில் பார்க்கலாம். உங்கள் வரைபடத்தில் அது இல்லையென்றால் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலிக்கு எத்தனை வாயில், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், சாவி யாரிடம் என்பவற்றைப் பற்றித்தான் கூட்டத்தில் வாதாட வேண்டும். ஐந்தரை மணிக்குப் புல் அறுக்க வருகிறவருக்கு ஆறு மணிக்குத் திறக்கும் வாயிலால் என்ன பயன்?


மறுமொழி 4: ஓசூர் விவசாயி

உங்கள் ஏரி நீர் கடைசியில் எங்களிடம் வருகிறது என்று பொறியாளர் ஐயா எழுதியிருந்ததால் நானும் எழுதுகிறேன். ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையின் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு மூன்று ஏக்கர் இருக்கிறது. முட்டைக்கோசும் தக்காளியும் போடுகிறேன்.

மழைக்காலத்தில் பெங்களூருப் பக்கம் நல்ல மழை பெய்து அணையின் மதகைத் திறந்தால், நீர் விழும் இடத்தில் நுரை எழும்பும். ஓர் ஆள் உயரத்திற்கு மேலேயும் எழும்பிப் பார்த்திருக்கிறேன். வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள். கையில் அள்ளினால் எடையே இருக்காது. துணி சோப்பும் சாக்கடையும் கலந்த வாடை அடிக்கும். காற்றில் பிய்ந்து வந்து கோசு இலையில் ஒட்டி, வெயில் பட்டு வற்றினால், சாம்பல் நிறத்தில் ஒரு படலம் மிஞ்சும். அதைத் துடைத்துத்தான் சந்தைக்கு அனுப்புகிறோம். கால்வாயில் கை வைத்துப் பாய்ச்சுகிறவர்களுக்குத் தோல் அரிப்பு வருகிறது. பெல்லந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பிடித்ததை நாடே பேசியது. அதே நீர்தான் வர்த்தூர் ஏரியைத் தாண்டி எங்கள் ஆற்றில் இறங்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

எனக்கு ஒரு விஷயம் நீண்ட நாளாக உறுத்துகிறது. பெங்களூரு குடிக்கும் காவிரி நீரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து 500 மீட்டர் உயரத்திற்கு ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் பெங்களூருவின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி. கூடுதலாக ஒதுக்கியது. 2024 அக்டோபரில் ஐந்தாம் கட்டத் திட்டமும் தொடங்கி, நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் கூடுதலாக வருகிறது. குடிப்பவர்களில் நம் தமிழர்களும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். குடிநீரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் காவிரியில் எடுத்த நீரில் பெரும் பங்கு, வேறு வழியில் சாக்கடையாகத் தென்பெண்ணையில் இறங்குகிறது. ஓர் ஆற்றிலிருந்து எடுத்து மற்றோர் ஆற்றில் விடுகிறோம். வழியில் இருப்பவை உங்கள் ஏரி போன்ற ஏரிகள் மட்டுமே. 2018 முதல் கோரமங்கலா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் கோலார் மாவட்ட ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். அங்கே வறண்டு கிடந்த கிணறுகளில் நீர் ஊறியிருக்கிறது. சுத்தம் செய்தால் கழிவுநீரும் சொத்து என்பதற்கு அதுவே சான்று. அந்த அக்கறையை ஆற்றின் வழியாக வரும் நீருக்கும் காட்டுங்கள்.

ஓடையைத் திருப்பிவிட்டால் உங்கள் ஏரி சுத்தமாகிவிடும்தான். ஆனால் அந்தக் கழிவு எங்கும் மறைந்துவிடாது. ஏரியைச் சுற்றிக்கொண்டு, கொஞ்சமும் தங்காமல், முன்பைவிட வேகமாக எங்களிடம் வந்து சேரும். பொறியாளர் ஐயா சொன்ன சதுப்பு வழியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஏக்கர் ஏரியால் எங்கள் நுரை நின்றுவிடாது என்று எனக்குத் தெரியும். மேலே இப்படி நூறு ஏரிகள் இருக்கின்றன. எங்காவது ஒன்று தொடங்க வேண்டும்.


கேட்டவர் பதில்: ஹொரமாவு வாசி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஓசூர் அண்ணன் எழுதியதை அச்சிட்டு நேற்றைய கூட்டத்தில் அப்படியே வாசித்தேன். சிறிது நேரம் யாரும் பேசவில்லை. எஸ்.டி.பி.யையும் போய்ப் பார்த்தோம்; இரவு பதினொரு மணி முதல் காற்றூதியை நிறுத்தி வைக்கிறார்கள் என்பது உண்மைதான். இனி நிறுத்துவதில்லை என்று தீர்மானம் எழுதியிருக்கிறோம். கூடுதல் மின்கட்டணத்தை வீடுகளுக்குப் பகிர்ந்துகொள்வோம்.

நில அளவைக்கு விண்ணப்பம் கொடுத்தாகிவிட்டது. கல் பதிப்பையும் ஒரே ஆழத் தூர்வாரலையும் வரைபடத்திலிருந்து எடுக்கச் சொல்லியிருக்கிறோம். வேலியில் மட்டும் இன்னும் ஒத்த கருத்து வரவில்லை. குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்ற அச்சம் பலருக்கு; அது நியாயமானது. சாலை ஓரத்தில் மட்டும் வேலி, மற்ற பக்கங்களில் லாரி நுழைய முடியாதபடி கல் தூண்கள், ஆள் நடந்து போக இடைவெளி என்று ஒரு யோசனை எழுந்துள்ளது. இதில் குறை ஏதும் தெரிந்தால் சொல்லுங்கள். புல் அறுக்கும் அம்மாவுக்கு ஏரியைக் கவனிக்கும் பொறுப்பும் மாதச் சம்பளமும் கொடுக்கலாமா என்று கேட்டபோது, அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாதே என்று ஒருவர் சொன்னார்.


மறுமொழி 5: பாசனப் பொறியாளர் (பணி ஓய்வு)

கல் தூண் யோசனை நல்லது. இரண்டு தூண்களுக்கு இடையே நான்கு அடி விடுங்கள். மாடும் போகட்டும், தலைச்சுமையோடு ஆளும் போகட்டும். குழந்தைகளுக்காகச் சதுப்பு மூலையில் மட்டும் இடுப்பளவு மூங்கில் தட்டி வைக்கலாம்.

எழுதப் படிக்கத் தெரியாததைப் பற்றி ஒன்று சொல்கிறேன். நம் ஊர் ஏரிகளில் மதகைத் திறந்து மூடி, எந்த வயலுக்கு எவ்வளவு நீர் என்று பார்த்தவரை நீர்க்கட்டி என்றோம். இங்கே நீருகண்டி என்பார்கள். நான் பணியில் சேர்ந்த காலத்தில் இருந்த நீர்க்கட்டிகளில் கையெழுத்துப் போடத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. கலங்கில் நீர் வழியும் சத்தத்தைக் கேட்டே இரவில் எழுந்து வருவார்கள். அவர்களுக்கு அறுவடையில் ஊரே பங்கு கொடுத்தது. அந்த அம்மாவுக்குச் சம்பளம் கொடுப்பது புதுமை இல்லை, பழைய வழக்கம்தான். அவர் பார்த்ததைச் சொல்லட்டும். உங்களில் ஒருவர் எழுதிக்கொள்ளுங்கள்.

நீரில் கரைந்துள்ள உயிர்வளியை அளக்கும் சோதனைப் பெட்டி மீன்வளர்ப்போர் வாங்கும் கடைகளில் கிடைக்கும். விடியற்காலையில் அளவெடுங்கள். இரவு முழுவதும் பாசியும் சுவாசிப்பதால் அப்போதுதான் உயிர்வளி மிகக் குறைவாக இருக்கும். மதியம் எடுத்த அளவு உங்களை ஏமாற்றிவிடும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் மீன் மூச்சுத் திணறும்.


கேட்டவர் பதில்: ஹொரமாவு வாசி

நன்றி ஐயா. பெட்டி வாங்கிவிட்டோம். வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு ஓடை முகத்தில் முதல் அளவை எடுக்கிறோம். அந்த அம்மாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். ஓசூர் அண்ணன் முடிந்தால் அதே நாளில் கெலவரப்பள்ளியில் ஒரு அளவு எடுத்துச் சொன்னால், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இன்னொரு பெட்டியை நாங்களே அனுப்பி வைக்கிறோம்.